மலைக்குப் போக எனக்கு அனுமதி தேவையில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் குளிரில் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நீ தொலைபேசியில் உத்தரவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற அந்தக் கம்பிவலையை வைத்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் கண்ணாடிச் சாமான். குனிந்தால் "ஐயோ", நிமிர்ந்தால் "மெதுவா". ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் தோள்கொடுத்துப் பழுதுபார்த்தவன் நான். இப்போ பால் பாக்கெட்டைத் தூக்கினாக்கூட உன் தம்பி பொண்டாட்டி பிடுங்கிக்கிறா. அதனால மாடிவீட்டுத் தையல்காரர், "காட்டுப் பாதையெல்லாம் எனக்கு அத்துப்படி, வாங்க சார்"னு கூப்பிட்டதும் கிளம்பிட்டேன். அவருக்குப் பட்டப்பேரு திசைகாட்டி. ஏன்னு அங்கேதான் புரிஞ்சது: மனுஷனுக்கு ஒரே திசைதான் தெரியும்.

மரங்களுக்கு நடுவுல பாதை பூரா உறைபனி. கால் வச்சேன், உட்கார்ந்த வாக்குல ஒரு சரிவு முழுக்க இறங்கிட்டேன். விழுந்தேன்னு அவர் சொல்றார், வேகமா இறங்கினேன்னு நான் சொல்றேன். பேண்ட் பின்பக்கம் கிழிஞ்சது. தையல்காரர் கூடவே இருந்தும் கையில ஊசி நூல் இல்ல! அப்புறம் மூடுபனி, பாதை ரெண்டாப் பிரியுது. "இடதுபக்கம் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்"னார். அப்படித்தான் போனார்போல, பாதை ஒரு பள்ளத்துக்கு மேல முடிஞ்சுபோச்சு. போன்ல சிக்னல் இல்ல. விழுந்து கிடந்த மரத்துல உட்கார்ந்து, "என் வீட்டுக்காரிகிட்ட யார் சார் சொல்லுவா?"னு அழ ஆரம்பிச்சுட்டார்.

நானும் பயந்தேன் அக்கா. ஆனா அங்கே என்னைப் பார்த்து "மெதுவா"ன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல! கீழே ஓடைச் சத்தம் கேட்டுது. "எழுந்திருங்க, காலைல பஸ்ஸை விட்டு இறங்கின பாலத்துக்கு அடியிலதானே இது ஓடுது?"ன்னு அவர் பையையும் தோள்ல மாட்டி, அவர் கையையும் பிடிச்சு இறக்கினேன். பாதி வழியில மூடுபனி விலகிச்சு. காடு முழுக்க வெள்ளை, மேல வெயில். நெஞ்சு திம்திம்னு அடிச்சுது. மாசக்கணக்கா அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வேர்க்கும். அன்னிக்கு நெஞ்சுல கை வச்சு, "அடி ராஜா, நல்லா அடி"ன்னேன்.

இருட்டுறதுக்குள்ள பாலம் வந்துடுச்சு. வீட்டு வாசல்ல உன் தம்பி பொண்டாட்டி என்னைச் சுத்திவந்து, கிழிஞ்ச இடத்தையும் பார்த்துட்டு, "பசிக்குதா?"ன்னு மட்டும் கேட்டா. வலிக்குதான்னு கேட்கல!

இனி எல்லா ஞாயிறும் போவேன். நீ தடுத்தாலும் போவேன், டாக்டர் தடுத்தாலும் போவேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
யாருக்கும் அடங்காத உன் தம்பி

பி.கு.: அக்கா, திசைகாட்டி மாடியில பூட்ஸுக்கு பாலிஷ் போடுறார். வர்ற ஞாயிறு இதைவிடப் பெரிய மலையாம். எனக்கு ரெண்டு தொடையும் மரக்கட்டை, சுவரைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்கிறேன். நானா வரலைன்னு சொன்னா மானம் போயிடும். சனிக்கிழமை போன் பண்ணி, மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி, போகவே கூடாதுன்னு திட்டு.