கொய்யா வண்டியில் சீர் வந்த காரணம்

அண்ணனூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி கார்த்திகேசன் அவர்களுக்கு,

ஜெகதீசன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் பஞ்சவர்ணமும், என் இடுப்பு நீங்கலாக, சௌக்கியம். அங்கே நீங்களும் சாவித்திரி அம்மாளும், மாப்பிள்ளை அசோக்கும், எங்கள் மகள் லாவண்யாவும், காது குத்தின புண் ஆறிக்கொண்டிருக்கும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பாள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் காதுகுத்துக்கு வானகரத்தில், மண்டபத்து வாசலில், ஊரே பார்க்க, தாய்மாமன் சீரை நான் ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது உங்களை அவமானப்படுத்துவதற்காக அல்ல. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதைச் சொல்ல ஒரு வருஷத்துக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக நின்றே வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் கால் வலி என்று சொன்னதில்லை. போன வருஷம் ஆடி மாசத்திலிருந்து என்ன ஆயிற்று என்றால், நடக்க ஆரம்பித்த ஐம்பதாவது அடியில் இடுப்பிலிருந்து ஒரு இழுப்பு கிளம்பித் தொடை வழியாகக் கெண்டைக்காலுக்கு இறங்கும். நூறாவது அடியில் இரண்டு காலும் மரத்து, யாரோ என் கால்களைக் கழற்றிக்கொண்டு இரண்டு மணல் மூட்டைகளை மாட்டிவிட்டது போலிருக்கும். எங்கேயாவது உட்கார்ந்து இரண்டு நிமிஷம் முன்னால் குனிந்தால் போதும், ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் சரியாகிவிடும். இதிலே பெரிய அநியாயம், சைக்கிளில் ஏறினால் வலியே கிடையாது. அண்ணனூரிலிருந்து எங்கள் பூர்வீக வீடு இருக்கும் முத்தாபுதுப்பேட்டை வரை மிதித்துப் போய்த் திரும்பி வருவேன். வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, தெருமுனைக் கடையில் மோர் பாக்கெட் வாங்கப் பஞ்சவர்ணம் அனுப்பினால் முடியாது என்பேன். "ஊர் சுத்த கால் வருது, மோர் வாங்க மட்டும் கால் வரலியா? யாராண்ட கத வுடுற?" என்பாள். எனக்கே என் மேல் சந்தேகமாகத்தான் இருந்தது.

அதனால் போகிற வழியிலெல்லாம் உட்கார இடம் தேடுகிறவனாகிவிட்டேன். ஒரு நாள் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் கால் போய்விட்டது. எதிரே ஒரு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு வரிசையாக நாற்காலி. யார் வீட்டு விசேஷம் என்றுகூடப் பார்க்காமல் போய் உட்கார்ந்து குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே கண்ணாடிப் பெட்டியில் ஒரு பெரியவர், மாலையோடு படுத்திருக்கிறார். நான் குனிந்திருந்ததை அழுகிறேன் என்று நினைத்து அவருடைய மகன் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான். "நைனாவோட ஒண்ணா வேல செஞ்சவரா?" என்றான். கால் இன்னும் திரும்பி வரவில்லை. எழுந்து ஓட வழியில்லை. தலையை ஆட்டி வைத்தேன். டீ வந்தது. குடித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, "சாரு ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். அந்தப் பெரியவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, சம்பந்தி. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "ரொம்ப கஷ்டத்துல நடு ரோட்டுல நின்னுகினு இருந்தேன். இவுருதான் எனக்கு உக்கார எடம் குடுத்தாரு" என்றேன். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஓவென்று அழுதுவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு தேடி வந்து அழைத்தார்கள். அப்போதுதான் பஞ்சவர்ணம் விசாரித்து, உண்மை தெரிந்து, என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஷோபனா என்று பெயர். எங்கள் மகன் மோகன் வயதுதான் இருக்கும். முதுகை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து டங்கு டங்கு என்று ஓயாமல் தட்டினார்கள். உள்ளே போனவர்கள் பயந்து கத்துவார்களாம். எனக்கோ பழைய தொழிற்சாலைக்குள் போன மாதிரி இருந்ததில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன், என் குறட்டையில் படம் ஆடிப்போய் இரண்டாம் முறை எடுத்தார்கள். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி டாக்டர் சொன்னார்: "இது ஸ்பைனல் ஸ்டெனோசிஸ். முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி சுருங்கியிருக்கு. நிமிர்ந்து நின்னா இன்னும் நெருக்கும். முன்னால குனிஞ்சா அந்த வழி கொஞ்சம் அகலும். அதனாலதான் சைக்கிள்ல உங்களுக்கு வலி இல்ல. தள்ளுவண்டி மாதிரி ஏதாவது பிடிச்சுக் குனிஞ்சுகிட்டே நடந்தாலும் வலி தெரியாது." நான் பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன். மாசக்கணக்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் ஆறு மாசம் பார்த்தோம். ஐம்பது அடி அறுபது அடி ஆயிற்று, அவ்வளவுதான். அப்புறம் டாக்டர், நெருக்குகிற எலும்பைக் கொஞ்சம் எடுத்து நரம்புக்கு வழி விடும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்றார். "கால் பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறதுல கோளாறு வந்தாலோ உடனே ஓடி வரணும். இப்போதைக்கு அவசரம் இல்ல. பண்ணிகிட்டா நல்லா நடக்கலாம்னு நினைக்கிறேன், ஆனா நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாது. முடிவு உங்களோடது" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு போல்ட்டைக் கழற்றுவதென்றாலும் மேலே ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் வந்து பழகியவன் நான். முடிவு என்னுடையது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

செய்தி தெருவில் பரவியது. பக்கத்து வீட்டு வேலுசாமி ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்து, "முதுவுல மட்டும் கத்திய வெக்க உடாத ஜெகா. பட்டாபிராம்ல ஒருத்தர் செஞ்சிக்கினாரு, இன்னிக்கி வரிக்கும் படுத்த படுக்கையா கீறாரு" என்றார். அடுத்த நாள் ரேஷன் கடையிலும் அதே பட்டாபிராம் ஆள். முடிதிருத்தும் கடையிலும் அதே ஆள். சரி, அவரையே நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று முகவரி விசாரித்துச் சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டாபிராம் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள், "அவுரா? திருப்பதிக்கு நடந்து போயிருக்காரு. வருசா வருசம் போவாரு" என்றார்கள். வந்து வேலுசாமியிடம் சொன்னேன். "அது வேற ஆளா இருக்கும்" என்றார். நானும் அப்படியே நம்ப விரும்பினேன், சம்பந்தி. அதுதான் உண்மை. குப்புறப் படுக்கவைத்து, மயக்கம் கொடுத்து, என் கண்ணுக்கே தெரியாத இடத்தில் அறுக்கப்போகிறார்கள், விழித்ததும் காலை அசைக்கச் சொல்வார்கள், அசையாவிட்டால்? இந்த ஒரு கேள்வியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பஞ்சவர்ணம் செய்துகொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் கடைத்தெருவுக்குச் சேர்ந்து போனால், நான் கேட்பதற்கு முன்னாலேயே ஏதாவது ஒரு மதில் சுவரோரம் நின்று, "இரு, செருப்பு வாரு அவுந்துச்சி" என்று குனிவாள். நானும் சுவர் மேல் உட்கார்ந்துகொள்வேன். அவள் செருப்புக்கு வாரே கிடையாது.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெண் கொடுத்த வீட்டுக்கு முன்னால் முதுகு வளையக்கூடாது என்ற வீம்புதான். லாவண்யாவிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிவைத்திருந்தேன். அந்த வீம்போடுதான் ஞாயிற்றுக்கிழமை சீர்வரிசையில் முதல் ஆளாக, பட்டுப்பாவாடை வைத்த பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலிலிருந்து கிளம்பினேன். நடந்திருந்தாலாவது கொஞ்சம் தாக்குப்பிடித்திருப்பேன். உங்கள் பக்கத்து மேளக்காரர்கள் மூன்று ரோடு சேருகிற இடத்தில் நின்றுவிட்டார்கள். நிற்பதுதான் எனக்கு எமன். அவர்கள் வாசிக்க வாசிக்க என் கால் மரத்துக்கொண்டு வந்தது. வலி தாங்காமல் தாம்பாளத்தோடு முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, இப்படியும் அப்படியும் நெளிந்தேன். அதைப் பார்த்த பையன்கள், "பெர்சு எறங்கிச்சிடா!" என்று விசில் அடித்து என்னைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். மேளக்காரரும் என் நெளிவுக்குத் தகுந்தபடி வேகம் கூட்டினார். வீடியோ எடுப்பவர் கீழே படுத்துக்கொண்டு எடுத்தார். என் முகத்தில் இருந்தது பக்திப் பரவசம் என்று பின்னால் சிலர் சொன்னார்களாம். நாற்காலி இல்லை, திட்டு இல்லை, ஓரமாக ஒரு கொய்யாப்பழ வண்டிதான் இருந்தது. ஓடிப்போய் அதன் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தேன். வண்டிக்காரர் துலுக்கானம் தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னா அண்ணாத்தே, மயக்கமா கீதா? பயம் வோணுமா?" என்றார். பழத்தைத்தான் அப்படிச் சொன்னார். "பழம் வோணாம்பா. வண்டி வோணும். மண்டபம் வரிக்கும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் புண்ணியவான் தாம்பாளத்தைக் கொய்யாக் குவியலின் மேல் வைத்தார். நான் குனிந்து தள்ள ஆரம்பித்தேன். வலி போன இடம் தெரியவில்லை, சம்பந்தி! ஒரு வருஷத்துக்குப் பிறகு நடந்தேன். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே நடந்துவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் வந்தவர்களும் கை வலிக்கிறது என்று அவரவர் தட்டை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மேளம் ஓடி வந்து எங்களைப் பிடித்தது. பிள்ளைகள் கொய்யாவும் சீரில் சேர்த்திதான் என்று நினைத்து ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியே மண்டபத்து வாசலுக்கு வந்து நிமிர்ந்தால் எதிரே நீங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. சீர் வாங்கக் கை நீட்டவில்லை. சாவித்திரி அம்மாள்தான் ஓடி வந்து வாங்கினார்கள். உங்கள் முகம் கல் மாதிரி இருந்தது. சாப்பாட்டுப் பந்திக்கும் நீங்கள் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் நீங்கள் படுத்திருப்பதாகப் பதில் வந்தது. "மாமா யாராண்டயும் பேசுறதில்லப்பா" என்றாள் லாவண்யா. என் ஒரு முதுகால் அவள் அந்த வீட்டில் தலைகுனியக்கூடாது. நான் செய்தது தப்புத்தான். மன்னித்துவிடுங்கள். காலைத் தொட்டுக்கூடக் கேட்பேன். எனக்குக் குனிவது சுலபம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விஷயம் தெரிந்ததிலிருந்து மாப்பிள்ளையும் லாவண்யாவும் ஆபரேஷன் செய்துகொள் என்று தினமும் என்னைக் குடைகிறார்கள். நான் தீர யோசித்துவிட்டேன். ஆபரேஷன் வேண்டாம். இருக்கிற காலத்தைச் சைக்கிளிலேயே ஓட்டிவிடுகிறேன். இது என் முடிவு. மாற்றமே கிடையாது. பெரியவர் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் அடங்குவார்கள்.

சாவித்திரி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசீர்வாதம். பேத்திக்குக் காதிலே வேண்டாம், கன்னத்திலே ஒரு முத்தம்.

உங்கள் நல்ல மனசை நம்பியிருக்கும்,
ஜெகதீசன்

பி.கு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது சாவித்திரி அம்மாளின் போன் வந்தது. பஞ்சவர்ணம் ஸ்பீக்கரில் போட்டு, சம்பந்திக்கு இன்னும் கோபமா என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரருக்கு கோவமா? நல்லா கேட்டீங்க போங்க! ரெண்டு வருசமா அவுருக்கும் நின்னா கால் மரத்துப் போவுது. சம்பந்திக்குத் தெரிஞ்சா கௌரவம் போயிடும்னு என்னாண்ட சத்தியம் வாங்கிகினாரு. அன்னிக்கி வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டு உக்காந்தவரு, எயுந்திருக்க முடியாம பல்லக் கடிச்சிகினு இருந்தாரு" என்றார்கள். ஆகவே மேலே கேட்டிருக்கும் மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. போனை வைத்ததும், "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பயம்? நல்ல டாக்டராப் பாத்து ஆபரேசன் பண்ணிக்கலாமே அந்த மனுசன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஞ்சவர்ணம் டாக்டர் ஷோபனாவின் நம்பரைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள்.

எனவே மாற்றமே இல்லாத அந்த முடிவையும் அடித்துவிடவும். என் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டேன். உங்களைப் பரிசோதிக்கவும் சேர்த்து, வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு டோக்கன் போட்டிருக்கிறேன். ஆட்டோ பிடித்து நேரே வாசலில் இறங்குங்கள். முதல் டோக்கன் என்னுடையது. நீங்கள்தான் மூத்தவர் என்பது தெரியும். ஆனால் நீங்க போங்க, இல்ல நீங்க போங்க என்று வாசலில் நின்று மரியாதை செய்துகொள்ள இப்போதைக்கு நம் இருவருக்கும் கால் கிடையாது.