மூன்றாவது நெய் டின்

பாளையம்பட்டி,
14-11-1968

மதிப்பிற்குரிய சம்பந்தி தாவீதுராஜ் அவர்களுக்கு அமிர்தராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் ஞானப்பூவும் சுகம். மல்லாங்கிணற்றில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், மாசமாக இருக்கும் எங்கள் மகள் சவுந்தரமும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம்.

நிற்க. சவுந்தரத்துக்காக நான் அனுப்பிய முதல் நெய் டின் நெளிந்து வந்ததையும் இரண்டாவது ஒழுகி வந்ததையும் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, "ஒரு டின்னை உருப்படியா அனுப்பத் தெரியாதவரு எம் மருமகளுக்கு உருப்படியாப் பேறுகாலம் பாப்பாரா? அவ இங்கேயே இருக்கட்டும்" என்று தாங்கள் சொன்னதாக, டின் சுமந்துவந்த எங்கள் கடையாள் கோட்டைச்சாமி வந்து சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று தொட்டில் கம்பு வரைக்கும் வாங்கி வைத்த ஞானப்பூ அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.

முதல் டின் விஷயம் இதுதான். மணம் போகக்கூடாது என்று, உருக்கிய சூட்டோடு நெய்யை ஊற்றி, தகரக்கடை பொன்ராஜை விட்டு மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைக்கச் சொன்னேன். ஆறட்டும் அண்ணாச்சி என்று அவன் சொன்னான். நான் கேட்டால்தானே? சூடு ஆற ஆற உள்ளே இருந்த ஆவியும் காத்தும் சுருங்கிப்போச்சு; வெளிக்காத்து உள்ளே போக வழியில்லை; அது டின்னை நாலு பக்கமும் போட்டு அமுக்கிருச்சு. பாதி வழியில "டொம்"முன்னு சத்தம் கேட்டு, டயர் வெடிச்சிருச்சுன்னு பஸ் டிரைவர் இறங்கிப் பார்த்தாராம். அது பழைய டின்னும் இல்லை, யாரும் அது மேல உக்காரவும் இல்லை. காத்து செஞ்ச வேலைக்கு நான் என்ன சம்பந்தி செய்ய?

சரி, காத்துக்கு வழி விடுவோம்னு ரெண்டாவது டின்னு தலையில ஆணியால ஒரு ஓட்டை போட்டு, அப்படியே ஏத்திவிட்டேன். டின்னு நெளியலை. ஆனா கோட்டைச்சாமி அதைப் படுக்கப் போட்டுட்டுத் தூங்கிட்டான். பாதி நெய்யைப் பக்கத்துல ஒருத்தர் வச்சிருந்த பஞ்சு மூட்டை குடிச்சிருச்சு.

மூணாவதுக்கு நானும் பொன்ராஜும் மூளையைக் கசக்கினோம். ஓட்டையும் வேணும், அது அடைபடவும் வேணும். எப்ப அடைக்கிறதுங்கிறதுதான் விஷயமே. நெய்யை வீணாக்க வேண்டாம்னு முதல்ல வேற ஒரு டின்னுல கொதிக்கிற தண்ணியை ஊத்தி, மூடியை அடைச்சு, ஆணி ஓட்டையை மட்டும் திறந்து விட்டோம். உஸ்ஸுன்னு ஆவி வெளியே வந்துச்சு. ஆறுறப்ப அதே ஓட்டை வழியாக் காத்து உள்ளே போச்சு. நல்லா ஆறின பொறவு ஓட்டை மேல ஒரு சொட்டு ஈயம். அரை நாள் பார்த்தோம், நெளியலை. தலைகீழாக் கவுத்தோம், ஒழுகலை. அதே மாதிரி நெய் டின்னையும் செஞ்சு பக்கத்துலயே வச்சோம். இன்னிக்குக் காலை பஸ்ஸுல கோட்டைச்சாமி கொண்டு வாரான். தட்டிப் பாருங்க, உருட்டிப் பாருங்க. பார்த்துட்டு, சவுந்தரத்தைக் கூட்டிட்டு வர ஒரு வார்த்தை சொல்லுங்க. எம் பிள்ளை முகத்தைப் பார்த்து மூணு மாசமாச்சு சம்பந்தி.

சம்பந்தியம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஸ்தோத்திரம். சவுந்தரத்துக்கு எங்கள் முத்தமும் ஆசீர்வாதமும். ஆண்டவர் தங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காமல் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அமிர்தராஜ்

பி.கு.: தண்ணி டின்னை உடைச்சுக் கோழிக்கு ஊத்தலாம்னு ஞானப்பூ இப்பத்தான் திறந்தா. உள்ளே நெய்யி. கோட்டைச்சாமி கொண்டு வாரது தண்ணி. அவன் வழியில அவன் அக்கா வீட்டுல சாப்பிட்டுத்தான் வருவான். அதுக்கு முந்தி வந்து சேரணும்னு இந்தக் காயிதத்தை அடுத்த பஸ்ஸு கண்டக்டர் கையில குடுத்தனுப்புறேன். தட்டிப் பாருங்க, உருட்டிப் பாருங்கன்னு எழுதினதை மறந்துருங்க. ரெண்டு டின்னைத் திறக்காமலே திருப்பி அனுப்புனீக. இன்னிக்கு ஒரு நாளும் அதே மாதிரி கோவிச்சுக்கிட்டுத் திருப்பி அனுப்பிருங்க சம்பந்தி.