பார்க்கப் போனால் பாதிக் கூலி

ஜொகூர் மாநிலத்தில் தன் இரண்டு கண்களையும் வாடகைக்கு விட்டுச் சோறு தின்ற மனிதர் ஒரே ஒருவர்தான். மூவாரிலிருந்து பெக்கோக் வரைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் போய் 'பாதிக்கூலி' என்று சொல்லியிருந்தால், பால்குடி மறக்காத பிள்ளைகூட அவர் இருக்கும் திசையைக் காட்டியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். "அது கப்பல் சீட்டுல எழுதியிருந்துச்சு தம்பி. சீட்டைத் தொலைச்சுட்டேன்" என்றார்.

ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்குவதற்கு ஐந்தாறு வருடம் முந்திய காலம் அது. செகாமட்டில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவரின் லாரியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து சினிமாப் படம் பிடிக்கிறவர்கள் வந்தால் சாமான் ஏற்ற எங்கள் லாரி, வெளிச்சம் திருப்ப அவர். வெள்ளித்தாள் ஒட்டிய ஆள் உயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்று, வெயிலைப் பிடித்து நடிகரின் முகத்தில் வீசுவதுதான் தொழில். எந்தக் கம்பெனியிலும் அவர் மாதச் சம்பளக்காரர் இல்லை. கூப்பிட்டால் போவார், முடிந்தால் வந்துவிடுவார். படம் இல்லாத நாட்களில் பயாஸ்கோப் கூடாரம், நாடக மேடை, துரை சீமைக்குக் கிளம்பும்போது தோட்டத்தில் எடுக்கிற குரூப் போட்டோ.

நாள் கூலி ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு. அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வில்லங்கமெல்லாம் வேலைக்கு முந்திய நாளில்தான்.

"நாளைக்கு வந்து எடத்தைச் சும்மா பாத்துட்டுப் போயேன்" என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"சும்மா எப்படிங்க பாக்கறது?"

"கண்ணாலதான்யா!"

"கண்ணு தனியா ரயில் ஏறி வராதுங்க. கூடவே நானும் வரணும். அன்னிக்கு வேற வேலை எதுவும் பாக்க முடியாது. பாக்க வந்தா பாதிக் கூலி, போக வர ரயில் சார்ஜு, மீனோட ஒரு சாப்பாடு."

மூவாரில் ஒரு பயாஸ்கோப் கூடாரக்காரர் இருந்தார். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சாமர்த்தியம். "பாதிக் கூலிதானே, தர்றேன். நாளைக்கு வேலை நடந்ததும் அதுல கழிச்சுக்கறேன்" என்றார் அவர். பாதிக்கூலி பதறாமல் கேட்டார்: "நீங்க பொண்ணு பாக்கப் போனப்ப மாமனார் வீட்ல பலகாரம் வச்சாங்களே, கல்யாணப் பந்தியில உங்க எலைக்கு மட்டும் அதைக் கழிச்சுக்கிட்டாங்களா?" அங்கே நின்ற எட்டுப் பேரும் தொந்தியைப் பார்த்தார்கள். கூடாரக்காரர் மடியிலிருந்து ஐம்பது காசை எடுத்துவிட்டார்.

ஆனால் வாங்கிய காசுக்கு மனிதர் பார்ப்பார் பாருங்கள், அப்படி ஒரு பார்வை! நின்று பார்ப்பார், உட்கார்ந்து பார்ப்பார், அப்புறம் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்குக் கூடாரம் போட இடம் பார்க்கப் போனவர், அரைமணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு உடம்பு முழுக்கக் கட்டெறும்போடு எழுந்தார். "இங்க போட்டா முன் வரிசைக்காரன் படம் பாக்கமாட்டான், ஆடுவான்" என்று சொல்லி, கூடாரத்தை நாற்பது அடி தள்ளிப் போட வைத்தார்.

எங்கள் கூட்டாளி ஒருவன் தனக்குப் பெண் பார்க்க அவரையும் துணைக்கு அழைத்தான். பாதிக் கூலி கேட்டார். கொடுத்துத் தொலைத்தான். திரும்பி வரும் வழியில் ஆசையோடு கேட்டான், "எப்படி அண்ணே?"

"மேற்குப் பாத்த வாசல். சாயங்காலம் அருமையா போட்டோ புடிக்கலாம்."

"அலமாக்! பொண்ணு எப்படிண்ணே?"

"எடம் பாக்கறதுக்குத்தானே என் கூலி? பொண்ணை நீதான் பாத்திருக்கணும்."

சிரிக்கிறோம். நானும் சிரித்தவன்தான். அந்த வருடம் தைப்பூசம் கழிந்த கையோடு நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகுதான் என் சிரிப்பில் கொஞ்சம் சுருதி இறங்கியது.

பாதிக்கூலியின் மனைவியும் மகளும் நாகப்பட்டினத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் கப்பல் ஏற்றிய காலத்தில் அவர்களை ஊருக்கு அனுப்பியவர், ஆறு வருடமாகத் திரும்ப அழைக்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் கப்பல் சீட்டு வாங்க இன்னும் பத்து வெள்ளி குறைகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு முதலாளி சிங்கப்பூரிலிருந்து வந்தார். சரியாகப் பத்து நாள் வேலை.

முதலாளி ஜவுளி வியாபாரி. அடர்ந்த காட்டில் ஒரு ராஜா வழிதவறி அலைவதுதான் அவர் படத்தில் முக்கியமான கட்டம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த காடு பெக்கோக்கில் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டம்! துரை இலவசமாக விட்டிருந்தார், ரயில் நிலையமும் பக்கம். முதலாளி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி, பாதிக்கூலி, நான், நாலு பேரும் உள்ளே போனோம். மரங்கள் பட்டாளம் மாதிரி வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொரு மரத்திலும் வெட்டு, வெட்டின் கீழே பால் வடிய ஒரு மங்கு.

"மங்கை எல்லாம் எடுத்துடலாம்" என்றார் முதலாளி. "நெழலு பாத்தீங்களா, பட்டப்பகல்ல ராத்திரி மாதிரி! இன்னும் பத்து நாள்ல ஆரம்பிச்சுடுவோம்."

கிராணி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பாதிக்கூலி நின்றார், உட்கார்ந்தார், படுத்தார். எழுந்து கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து வந்தார். செம்பு நிறத்தில் இருந்தது.

"மொதலாளி, இது வேணாங்க."

"ஏன்?"

"எலை கொட்டற காலம் ஆரம்பிச்சுடுச்சு. நீங்க வர்ற அன்னிக்கு எல்லா மரமும் மொட்டையா நிக்கும்."

முதலாளி நகரத்து மனிதர். பால்மரம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக இலை உதிர்க்கும் என்பது அவருக்குத் தெரியாது. "மழை கொட்டற ஊர்ல மரம் மொட்டையாகுமா? என்ன கிராணி, நெஜமா?"

இங்கே நான் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராணிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் படம் பிடித்தால் லயத்து ஆட்களுக்குக் கூட்டத்தில் நிற்கிற கூலி, கிராணிக்குக் கொஞ்சம் கையூட்டு, எனக்குப் பத்து நாள் லாரிப் படி. கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சில வருசம் கொட்டும்... சில வருசம் லேட்டாகும்" என்றார். நான் என் லாரியின் டயரைக் கவனமாகப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வேணாம். வேற ஆள் பாத்துக்கறேன்."

"சரிங்க. பாத்ததுக்குப் பாதிக் கூலி?"

"எதுக்கு? வேலையே நடக்கலையே!"

"பாக்கற வேலை நடந்துடுச்சுங்களே."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிராணி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். பாதிக்கூலி எதிரே வந்து நின்று அவரையே பார்த்தார். முதலாளி ஒரு பிடி உருட்டினார். பார்வை கூடவே வாய்வரைக்கும் வந்தது. இன்னொரு பிடி. மூன்றாவது பிடி தொண்டையில் நின்றுவிட்டது. "அந்தாளுக்குக் காசைக் குடுத்து அனுப்புங்கய்யா!" என்று கத்தினார். ஐம்பது காசு வந்தது.

செகாமட் திரும்பும் வழியில் எனக்கு ஆற்றாமை.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேண்ணே. பத்து நாளு! அண்ணி அடுத்த கப்பல்ல ஏறியிருப்பாங்க."

"அம்பது காசு பாத்துச் சொல்றதுக்கு, தம்பி. பாத்ததை மறைக்கிறதுக்கு வேற ரேட்டு. அதை நான் இன்னும் போடலை." அந்தக் காசை மடியில் முடிந்துகொண்டார். பிறகு, "நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "உம்மேல தப்பில்ல" என்றார். "வேலை நடந்தாத்தான் உனக்குக் காசு. அப்படி வச்சுட்டா யார் கண்ணும் 'நல்லாருக்கு'ன்னுதான் சொல்லும். என் கண்ணும் சொல்லிடும்னு பயந்துதான் நான் வேலைக்கு முன்னாடியே வாங்கிக்கறது."

பத்து நாள் கழித்து இரண்டு லாரி நிறையச் சாமானும் ஒரு ராஜாவுமாகப் போய் இறங்கினோம். ஒரு மரத்திலும் ஓர் இலை இல்லை. வெயில் சாதம் வடித்த கஞ்சியைக் கொட்டின மாதிரி கொட்டியது. ராஜா கிரீடத்தோடு வழிதவறி நாலு அடி வைத்தார். அந்தப் பக்கம் ரயில் நிலையம் தெரிந்தது, இந்தப் பக்கம் சாராயக் கடை தெரிந்தது. அப்போது பார்த்து ரயில் ஒன்று வந்தது. உள்ளே இருந்தவர்கள் ராஜாவைப் பார்த்துக் கையாட்டினார்கள். பழக்க தோஷம், அவரும் ஆட்டிவிட்டார். "ராசா, செகாமட்டுக்கு அந்தப் பக்கம் லா!" என்று லயத்து ஆள் ஒருவர் வழிகாட்ட, கூட்டம் உருண்டு சிரித்தது.

முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அந்த மொறைக்கிற ஆளு எங்கய்யா இருக்கான்?"

போய் அழைத்து வந்தேன். லாரியிலிருந்து இறங்காமலேயே பாதிக்கூலி கேட்டார், "இது புதுப் பார்வைங்களா?"

"புதுப் பார்வைதான். எறங்கு சாமி!"

தோட்டத்து எல்லை தாண்டி, ஓடை ஓடுகிற நிஜக் காட்டை ஒரு பகல் முழுக்கப் பார்த்து முடித்தார். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். "ராஜாவுக்கு முட்டி வரைக்கும் சுண்ணாம்பும் பொகையிலையும் தடவிடுங்க. மத்தபடி நல்லா தொலைஞ்சு போகலாம்" என்றார். ஏழே நாளில் படப்பிடிப்பு முடிந்தது. முதலாளி தானாகவே கூலியோடு அந்தப் பார்வைக்கும் எண்ணி வைத்தார்.

ஆனால் ஏழு நாள்தானே. கப்பல் சீட்டுக்கு இன்னும் இரண்டு வெள்ளி துண்டு விழுந்தது. நான் நீட்டினால் வாங்கமாட்டார். நீட்டிப் பார்த்தேன், முறைத்தார். எனவே என் வாடகை அறையைப் பார்க்கக் கூப்பிட்டேன், கட்டிலை எங்கே போடலாம் என்று. எட்டடிக்கு ஆறடி அறை. கட்டில் ஒன்று போக மீதி இடத்தில் ஒரு பூனை நிற்கலாம். அரைநாள் பார்த்தார். நின்றார், உட்கார்ந்தார், படுத்தார், சற்றே குறட்டையும் விட்டார். "இருக்கற எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லி ஐம்பது காசு வாங்கிக்கொண்டார். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டேன். மூன்று தடவையும் வந்து அதே சிரத்தையோடு பார்த்தார்.

கப்பல் வந்தது. அந்தக் காலத்தில் கப்பல் ஆட்களை முதலில் சிங்கப்பூருக்கு எதிரே ஒரு தீவில் இறக்கி, அம்மை கண்டிருக்கிறதா என்று பார்த்துச் சில நாள் வைத்திருந்து, அப்புறம்தான் படகில் கரைக்கு விடுவார்கள். நாளைக்கு விடுகிறார்கள் என்று தகவல். "ஒரு நா முன்னாடியே போயிடுவோம் தம்பி" என்றார். தவுக்கேயிடம் கெஞ்சி லாரியை வாங்கிக்கொண்டு, ஜொகூர் பாலம் தாண்டிப் பகல் மூன்று மணிக்குத் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம்.

படிக்கட்டு எங்கே, குழாய் எங்கே, நிழல் எங்கே என்று ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்த மாதிரி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் அந்தத் தீவு பச்சையாகத் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, அசையவில்லை.

கிண்டலாகத்தான் கேட்டேன், "அண்ணே, இந்தப் பார்வைக்குப் பாதிக் கூலி யாருண்ணே தர்றது?"

திரும்பாமலே சொன்னார். "இது பாக்கறது இல்ல தம்பி. காத்துக்கிட்டிருக்கறது. இதுக்கு ரேட்டு கெடையாது."

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.