செல்லு மேல சர்க்கரை

எங்கள் உத்திரமேரூர் ஒயர்மேன் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தே என்னைக் கொல்லப் பார்த்தார். யார் எவ்வளவு பேசினாலும் அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்குகிற மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

நான் டெய்லர். கடை ஷட்டரின் தகரம் கிழித்து, வலது ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்துவிட்டது. டாக்டர் சேர்த்துத் தைத்தார். ஆனாலும் உணர்ச்சி இல்லை. துணி எது, ஊசி எது என்று தெரியாத விரலை வைத்துக்கொண்டு நான் எதைத் தைத்துப் பிழைப்பது?

நரம்பு மெதுவாகத் திரும்ப வளரும் என்றார் டாக்டர். செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றனவாம். வளரும் நரம்பு நுனிக்கு வழிகாட்டுவதில் அவற்றுக்கும் பங்கு உண்டாம். துணைக்கு வந்திருந்த பக்கத்துக் கடை ஒயர்மேன் விஞ்ஞானி போலத் தலையாட்டினார். மறுநாள் காலை தூக்குச் சட்டி நிறையப் பொங்கல் வந்தது.

“யோவ், அவரு சொன்னது செல்லு மேல இருக்கிற சர்க்கரைய்யா.”

“செல்லு மேல எதுக்குய்யா சர்க்கரை? எறும்பு ஸ்பீக்கர்ல பூந்துடும். நீ துன்னு.”

“எனக்குத்தான் ஏற்கெனவே சர்க்கரை கீதே.”

“கீதில்ல? அப்ப உனுக்குச் சீக்கிரம் வளந்துடும்.”

தினமும் என் கண்ணை மூடச் சொல்லி, டெஸ்டரால் விரலைத் தொடுவார்.

“இன்னா, லைன் வந்துச்சா?”

“வரல.”

“இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோ.”

ரத்தத்தில் சர்க்கரை எகிறியது. இப்படியே போனால் நல்ல நரம்பும் கெட்டுவிடும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். வெளியே வந்து ஒயர்மேன் சொன்ன ஆறுதல்: “ஓவர் வோல்டேஜ் ஆயிடுச்சி போலக்குது.”

பொங்கல் நின்றது. பல மாதம் கழித்து ஒரு காலையில் டெஸ்டரின் நுனி விரலில் சில்லென்று பட்டது. சொன்னேன். வாயாடி மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டு டெஸ்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

இப்போது டீக்கடையில் ஒரே பெருமை. “நரம்பை வளத்ததே என் பொங்கல்தான்யா.” வாரம் தவறாமல் தன் வேலையைப் போட்டுவிட்டு, விரல் பயிற்சிக்காக என்னைச் செங்கல்பட்டுக்கு வண்டியில் அழைத்துப்போனதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. மத்தியானங்களில் என் கடையில் உட்கார்ந்து, பட்டு, பருத்தி, கோணி என்று மாற்றி மாற்றி என் விரலில் தேய்த்து, எது எது என்று கேட்டுப் பழக்கியதையும் சொல்வதில்லை.

நான் அவருக்குச் சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை. பிறகு இதையெல்லாம் எதற்குச் செய்தார்? டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.