பின்னணி மங்கலுக்குப் பத்துக்குப் பத்து

'கேமரா முற்றம்' மாத இதழின் ஒப்பீட்டுப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

ஜிங்கோ மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிட்ட இந்த நாட்களில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உத்சுனோமியாவில் காலைக் குளிர் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி இத்தனை நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு விழா முடிந்து ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். முதல் எட்டு நாளில் எழுதியிருந்தால் நீங்கள் அச்சிட முடியாத வார்த்தைகள் வந்திருக்கும்.

என் பெயர் இனாகாகி சிஹாரு. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். பெருமைக்குச் சொல்லவில்லை, கட்டம் போட்டு எண் எழுதியிருந்தால் எதையும் நம்பிவிடுகிற ஆள் என்பதற்காகச் சொல்கிறேன். மகன் ரியோஹெய்க்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. என் கணவர் கொஸுகேயை அலுவலகத்தில் ஃபுகுவோகாவுக்கு மாற்றிவிட்டதால் அவர் அங்கே தனியாக, நாங்கள் இங்கே. போன வருடம் மழலையர் பள்ளி விளையாட்டு விழாவில், விசில் ஊதியதும் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓட, ரியோஹெய் மட்டும் கோட்டிலேயே நின்று அழுதான். கடைசியில் மோரிகாவா டீச்சர் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். இந்த வருடம் போனில் அப்பாவிடம் சொன்னான்: "அப்பா, இந்தத் தடவை நானே முழுசா ஓடுவேன். அம்மா போட்டோ அனுப்புவாங்க, பாருங்க." அந்த ஓட்டம் மொத்தம் பதினெட்டு விநாடி. அதற்காகத்தான் கேமரா.

உங்கள் ஜூலை இதழில் ஏழு மிரர்லெஸ் கேமராக்களை ஒப்பிட்டு இரண்டு பக்க அட்டவணை போட்டிருந்தீர்களே, அதை நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, மூன்று மாதம் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனப்பாடம் செய்தேன், விநாடிக்கு எத்தனை படம், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் எப்படி, கை நடுங்கினால் தாங்குமா, எடை எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் நானே தனி மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தேன், பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் கடையில் ஏழையும் தூக்கிப் பார்த்தேன், கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று, உங்கள் முதலிடம்: குறிவைத்த ஆள் மட்டும் தெளிவாக விழுந்து பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிப்போகும் அந்தப் பின்னணி மங்கலுக்குப் பத்துக்குப் பத்து. இன்னொன்று, ஆறாமிடத்தில் இருந்த சின்னக் கேமரா. கடைக்காரர் நரைத்த மனிதர், தன்மையானவர். "ஏம்மா, குழந்தை ஓடுறதைத்தானே எடுக்கப்போறீங்க? இந்தச் சின்னதே போதுமே. முன்னால பின்னால இருக்கிறது எல்லாமே தெளிவா விழும்" என்றார். "ஐயா, பின்னணி மங்கல்ல இதுக்கு நாலுதான்" என்று நான் உங்கள் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் இதழின் பெயரைப் பார்த்தார். "ஓ, முற்றமா!" என்று குனிந்து வணங்கிவிட்டு, நேராக முதலிடத்துக் கேமராவுக்கே பில் போட்டார். அந்த வணக்கத்தின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

அதில் ஒரு வசதி: வேண்டியவர் முகத்தை முன்பே பதிந்துவைத்தால் கூட்டத்திலும் அந்த முகத்தையே தேடிப் பிடிக்குமாம். அதற்கு நீங்கள் ஒன்பது கொடுத்திருந்தீர்கள். ரியோஹெய் விழித்திருக்கும்போது ஓரிடத்தில் நிற்பானா? தூங்கும்போது பதிந்துவைத்தேன். ஆக, என் கேமராவுக்கு என் மகன் என்றால் கண்மூடி வாய்பிளந்து கிடக்கும் ஒருவன். இது தவறு என்று உங்கள் இரண்டு பக்கத்தில் எங்காவது ஒரு வரி உண்டா?

விழா நாளில் ஐந்தரை மணிக்கே வாசலில் வரிசையில் நின்று இடம் பிடித்தேன். எங்கள் பள்ளியில் படமெடுக்க முன்வரிசை தனி. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, தன் பிள்ளை ஓடும்போது மட்டும் மூன்று நிமிடம் போய் நிற்கலாம், விசில் ஊதினால் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். ரியோஹெய் சிவப்பு அணி, இரண்டாம் தடம் என்று அச்சடித்த தாள் வீட்டுக்கே வந்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே நீல டிரவுசர், தாடையில் நாடா கட்டிய ஒரே தொப்பி. அந்தத் தொப்பிக்கு ஒரு பக்கம் சிவப்பு. உள்பக்கத்தை வெளியே திருப்பினால் வெள்ளை. எங்களுக்கு அடையாளம் அது ஒன்றுதான்.

அன்று காலை வெள்ளை அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். மோரிகாவா டீச்சர் சட்டென்று ரியோஹெய்யின் தொப்பியைத் திருப்பி வெள்ளையாக்கி, எங்களுக்கு எதிர்ப்புறக் கடைசித் தடத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் தடத்தில் இப்பெய் என்கிற பையன். ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்களாம். என் காதில் எப்படி விழும்? அப்போதுதான் கேமரா பறவைகளைத் தேடும் அமைப்பில் இருப்பதைக் கண்டு, அதை மனிதர்களுக்கு மாற்ற மெனுவுக்குள் மெனுவாக இறங்கிக்கொண்டிருந்தேன்!

ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். இரண்டாம் தடத்துப் பையனின் கண்ணில், ஆளைப் பிடித்துவிட்டேன் என்று கேமரா காட்டும் பச்சைக் கட்டம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. நான் அவனைப் பார்க்கவில்லை ஐயா, கட்டத்தைத்தான் பார்த்தேன். விநாடிக்கு இருபது, பதினெட்டு விநாடி, முந்நூற்று அறுபது படம். கணக்கு பிசகவில்லை, பிள்ளைதான் பிசகிவிட்டது. "ஓடிட்டான்! முதல்ல வந்துட்டான்!" என்று அழுதுகொண்டே எடுத்தேன். கேமராவை இறக்கினால், வெள்ளைத் தொப்பிக்குக் கீழே என் பிள்ளை, எல்லாருக்கும் கடைசியாக, எல்லைக்கோட்டைத் தாண்டி நின்று என்னைப் பார்க்கிறான். அவன் ஓடியதை நான் பார்க்கவே இல்லை.

"பார்த்தியாம்மா?" என்றான். பொய் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே சொன்னான்: "நான் உனக்குக் கையாட்டினேன். ஆனா உனக்கு மூஞ்சியே இல்லம்மா. கேமராதான் இருந்துச்சு."

இப்பெயின் அம்மா மருத்துவமனைத் தாதி. அன்று வேலை, விழாவுக்கு வர முடியவில்லை. பிறகு அவரிடம் படங்களைக் கொடுத்தபோது பள்ளி வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுதார். மறுநாள் ஒரு பெட்டி சீமைப் பனிச்சைப் பழம் கொண்டுவந்தார். அதைத் தின்று நான் அழுதேன்.

ஆகவே என் கோரிக்கைகள்: அடுத்த இதழில் அந்த அட்டவணைக்கு அடியில், 'இந்தக் கேமராக்களில் எதற்கும் உங்கள் பிள்ளை யார் என்று தெரியாது' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். ஃபுகுவோகாவில் காத்திருக்கும் ஒரு தகப்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே எழுதித் தர வேண்டும். என் சந்தாவை இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

குளிர் ஏறிக்கொண்டே போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் வேலை செய்கிற எல்லாருக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
இனாகாகி சிஹாரு

பி.கு.: நேற்றிரவு உறை ஒட்டுவதற்குள் கணவர் போனில் கூப்பிட்டார். மேலே உள்ளதை எழுதி முடித்ததும், மறைக்க முடியாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இப்பெயின் படங்களையே அனுப்பிவைத்திருந்தேன். "ஏய், இருநூத்திப் பதினாலாவது படத்தைப் பாரு. பின்னாடி வெள்ளையா ஒண்ணு கையாட்டுதே, அது யாரு?" என்றார். பத்துக்குப் பத்து மங்கலுக்குள், பாலில் கரைத்ததுபோல், ரியோஹெய்! ஒரு கை மேலே. இரண்டு காலும் தரையில் இல்லை. சின்னக் கேமராவாக இருந்தால் தெளிவாக விழுந்திருப்பான் என்று நான் தலையில் அடித்துக்கொள்ளும்போது, தூக்கத்திலிருந்து எழுந்துவந்த அவன் படத்தை எட்டிப் பார்த்தான். "அப்பா, பார்த்தீங்களா? இப்பெய் மெதுவா ஓடினான், அதான் தெளிவா விழுந்துட்டான். நான் ஓடின வேகத்துக்கு கேமராவால பிடிக்கவே முடியல!" அப்பா போனிலேயே கைதட்டினார். காலையில் பள்ளிக்கு எடுத்துப்போய் இப்பெயிடம் காட்டினான். அவனும் தோல்வியை ஒப்புக்கொண்டானாம்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம், சந்தாவும் தொடரட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: பின்னணி மங்கல் எப்படி உண்டாகிறது என்று மட்டும் தயவுசெய்து விளக்கி எழுதிவிடாதீர்கள். ஏப்ரலில் ரியோஹெய் பெரிய பள்ளிக்குப் போகிறான். சீக்கிரமே வாசிக்கக் கற்றுக்கொள்வான்.