உப்புச் சித்தரின் புதினாத் தீர்த்தம்

கெல்சென்கிர்ச்சனில் அந்த வசந்தகாலம் முழுக்க ஒரே பேச்சு: உப்புச் சித்தர் முருகேசு! வாடிய துளசி துளிர்க்கிறதாம், செத்த புதினா எழும்புகிறதாம். ஸ்டுட்கார்ட்டிலிருந்துகூடச் சனம் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தது. சித்தரைக் காண முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் எடுக்க வேண்டும். ஜெர்மனியில் அற்புதத்துக்கும் அதுதானே முறை!

தோட்டச் சங்கத்திடம் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்த சுலோஜனாவுக்கு அவசரம். பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரர் அவளுடைய புதினாவை "அழகு" என்று புகழும்போதெல்லாம், கண்ணூறு படாமலிருக்க உப்பைச் சுற்றிப் பாத்தியிலேயே கொட்டினாள். புதினா கருகியது. கோடைச் சோதனையிலும் பாத்தி வெறுமையாகக் கிடந்தால் நிலத்தைத் திருப்பி எடுப்போம் என்று தோட்டச் சங்கம் கடிதம் போட்டது. பன்னிரண்டு வருடம் கிளறிய மண். அவளுக்கு அழுகையே வந்தது.

"கண்ணூறு முத்திப் போச்சு, தங்கச்சி. வெள்ளிக்கு வெள்ளி மூண்டு பிடி உப்பைச் சுற்றிச் செடியடி மண்ணில தாட்டுவிடுங்கோ. பிறகு என்ர தீர்த்தத்தைத் தெளியுங்கோ" என்றார் சித்தர்.

உப்புப் போட்டாள், மிஞ்சியிருந்த செடியும் சாய்ந்தது. தீர்த்தம் தெளித்தாள், கொஞ்சம் நிமிர்ந்தது. பார்த்தீர்களா சக்தியை! நோயும் மருந்தும் ஒரே கடையில்.

பான் நகரில் மூலிகைச் செடிகளை ஆராயும் சிநேகிதி சியாமளா தலையில் கைவைத்தாள். "உப்பு மண்ல வேர் எப்படிக்கா தண்ணி குடிக்கும்?" என்றவள் நேரே சித்தரிடம் போனாள். "சாமி, சிம்பிளா ஒரு டெஸ்ட் பண்ணலாமா?"

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தரால் மறுக்க முடியவில்லை.

நான்கு புதினாத் தொட்டிகள், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உப்பு. இரண்டுக்குச் சித்தர் ஒரு மணிநேரம் மந்திரித்த குழாய்த் தண்ணீர். மற்ற இரண்டுக்குச் சுலோஜனாவிடம் மிஞ்சியிருந்த தீர்த்தம். அவற்றுக்கு மந்திரத்துக்குப் பதில் சியாமளா ரயில் அட்டவணையை உரக்க வாசித்தாள், தாமதங்கள் உட்பட.

மூன்று வாரத்தில் மந்திரம் கேட்டவை வைக்கோலாயின. அட்டவணை கேட்டவை பச்சையாய் நின்றன!

சியாமளா தீர்த்தப் போத்தலின் முருகன் படத்தை நகத்தால் உரித்தாள். அடியில் ஒரு செடிப் பண்ணையின் லேபல். சித்தர் பகலில் வேலை பார்க்கும் பண்ணை அது!

"இது செடி வளர்ச்சி ஊக்கிக்கா. உப்பைக் கொஞ்சம் தாங்க வைக்கும், அவ்வளவுதான். முதல்ல கொட்டுறத நிறுத்துங்க, மண்ணை நல்லாத் தண்ணி விட்டுக் கழுவுங்க."

"அப்ப என்ர புதினாவைச் சாகடிச்சது நானோ?" சுலோஜனா வெட்கத்தில் குறுகிப்போனாள். திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணவில்லை. அவருக்கு வேறு டெர்மினாம்.

மண்ணைக் கழுவிப் புதிதாக நட்டாள். சோதனைக்கு வந்தவர்கள் பச்சைப் பாத்தியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்துக்காரர் மறுபடி "அழகு" என்றார். சுலோஜனா உப்பை எடுத்தாள். தோட்டக் குடிலின் அடுப்பிலிருந்த ரசத்தில் போட்டாள்.

அன்று மாலை, அந்த டெஸ்டைப் பார்த்த சனத்தில் ஒருவரான அரியரத்தினம் அண்ணை வேலியோரம் வந்து, வாடிய துளசித் தொட்டியோடு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அந்த ரயில் அட்டவணை எங்க எடுக்கலாம்?"

"ஸ்டேஷனில கிடக்கு, அண்ணை. ஆனா துளசி ஏன் வாடுதெண்டு யோசிக்கிறதெண்டால் வீட்டில இருந்தே யோசிக்கலாம். அதுக்கு டெர்மினும் தேவையில்லை."