நேதனுக்காக ஒரு சங்கிலி ஜெபம்

"நான் கதைக்கமாட்டன், அன்ரி. நீங்கள்தான் கதைக்கவேணும். நான் கதைச்சால் விதியை மீறினதாப் போயிடும்," என்று நேதன் நான்காவது தடவையாகச் சொன்னான்.

விமலராணி தொலைபேசியைக் காதில் வைத்தபடி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் அவள் பதினெட்டு வருடம் குடியிருக்கிறாள். பெற்ற தாயோடு கதைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள்.

நேதன் மோர்மன் சபையின் ஊழியக்காரன். வயது இருபது. டொரொண்டோவிலிருந்து இரண்டு வருடத்துக்கு டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டவன். அம்மா தேவமலர் பெந்தெகொஸ்தே சபைக்காரி; மகன் சபை மாறிய கவலையே அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஊழியத்தில் விதிகளுக்குக் குறைவில்லை. தனியாக எங்கும் போகக்கூடாது. தொலைக்காட்சி கூடாது. தேநீர், கோப்பி கூடாது. மின்னஞ்சல் திங்கட்கிழமை மட்டும். வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது வருடத்தில் இரண்டு தடவை: நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும்.

அன்னையர் தினம் போன வாரம்தான் போனது. நாற்பது நிமிடம் கதைக்க வேண்டியவன் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தான். கதைத்தான் என்ன, அம்மா அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தான். வன்னியில் அகப்பட்டுக்கொண்ட அவளுடைய தம்பி செல்வராஜாவிடமிருந்து மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நேரம் கூடிப்போனதற்காகக் கொப்பன்ஹேகனில் இருக்கும் மிஷன் தலைவர் அன்பாகத்தான் கடிந்துகொண்டார். ஆனாலும் நேதனுக்கு மானம் போய்விட்டது.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது, மே பதினெட்டு. நூலகத்தில் கணினியைத் திறந்ததும் போர் முடிந்துவிட்டது என்ற செய்தி கண்ணில் பட்டது. அம்மாவிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மாமா இருக்கிறாரா, இல்லையா? அடுத்த திங்கள் வரைக்கும் பொறுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே அவனால் பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் மூளை வேலை செய்தது. கதவு தட்டப் போய்ப் பழக்கமான விமலராணி அன்ரி எடுத்துக் கேட்டால் அது அன்ரியின் அழைப்புத்தானே?

கூட வந்த சக ஊழியக்காரன் எல்டர் ஜென்சனும் அதில் பிழை காணவில்லை. ஜென்சன் யூட்டாக்காரன். பூட்டனார் டென்மார்க்கிலிருந்து கப்பலேறிப் போனவர் என்பதால் பெயர் மட்டும் டேனிஷ். மொழி இன்னும் வந்து சேரவில்லை. ஆறடி நாலங்குலம், கறுப்பு சூட், சிரிக்கத் தெரியாத முகம். உள்ளுக்குள் பச்சைப்பிள்ளை. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஊழியக்காரர் போகக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. இரவு வேலை முடித்துவந்து உள்ளறையில் படுத்திருந்த விமலராணியின் கணவர் கிறிஸ்துநாயகத்தின் குறட்டை அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"ஹலோ, தேவமலர் அக்காவோ? நான் டென்மார்க்கிலை இருந்து விமலராணி. உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கட மோன்..."

மறுமுனையில் எழுந்த அலறல் ஜென்சனுக்கே கேட்டது. அந்த வாரத்தில் முன்பின் தெரியாத குரலொன்று "உங்கட மோன்" என்று தொடங்கினால் எந்தத் தமிழ்த் தாயும் அப்படித்தான் அலறுவாள்.

"ஐயோ, இல்லை அக்கா! சுகமா இருக்கிறார். எனக்குப் பக்கத்திலைதான் இருக்கிறார்."

"அப்ப அவனிட்டைக் குடுங்கோ!"

"அவர் கதைக்க ஏலாதாம், அக்கா. விடமாட்டினமாம்."

"ஆர் விடமாட்டினம்?"

விமலராணி ஜென்சனை நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்திலை பெரிய வெள்ளைக்காரன் ஒராள் இருக்கிறார். இவர் எங்கை போனாலும் அவரும் கூடப் போவாராம். படுக்கிறதும் ஒரே அறைக்குள்ளைதானாம்."

நேதன் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினான். தாயை இன்னும் ஆறுதல்படுத்தச் சொல்கிறான் என்று விமலராணி எடுத்துக்கொண்டாள்.

"நீங்கள் பயப்படாதேங்கோ. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். பாவம், அதுவும் குடிக்க விடாயினமாம்."

அழைப்பு அறுந்தது. மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

திரும்ப எடுத்தபோது லைன் கிடைக்கவில்லை. விமலராணியின் மகள் கிளோறியா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்பினால் விஷயம் முடிந்தது என்று டேனிஷில் சொன்னாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெளிச்சம் போதாதென்று அவள் நேதனை வெள்ளைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்க வைத்தாள். ஒட்ட வெட்டிய தலைமுடி. நெஞ்சில் கறுப்புத் தகட்டில் பெயர். பாசத்தோடு அவன் தோளில் கைபோட்டபடி ஜென்சன். அம்மாவுக்கு மின்னஞ்சல் பார்த்துக்கொடுக்கும் சபைச் சகோதரி ஒருத்திக்குப் படம் போனது.

புதன்கிழமை ஜென்சன் பொறுமையிழந்து தானே கொப்பன்ஹேகனுக்கு எடுத்துப் பேசினான். மிஷன் தலைவர் நல்ல மனிதர். "இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை? இன்றைக்கே அம்மாவோடு பேசச் சொல்" என்றார்.

நேதன் ஓட்டமாக விமலராணி வீட்டுக்கு வந்து எடுத்தான். எங்கேஜ். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தான். எங்கேஜ். மாலை வரைக்கும் எங்கேஜ். அன்றைக்கென்று கிடைத்த அனுமதி அன்றைக்கே முடிந்தது.

தேவமலர் சும்மா இருக்கவில்லை. அவளுடைய சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. ஒருத்தி மூன்று பேருக்கு எடுத்து ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று பேரும் ஆளுக்கு மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும். செவ்வாய் மாலை டொரொண்டோவில் தொடங்கிய சங்கிலி, லண்டன், பாரிஸ், மெல்பேர்ன் என்று நீண்டு, போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுத்தது.

வியாழக்கிழமை இருவரும் போனபோது விமலராணி கண் சிவந்து நின்றாள்.

"தம்பி, உங்களுக்குத் தெரியுமோ? எஸ்பியர்க்கிலை இருந்து என்ர சிநேகிதி எப்சிபா இப்பதான் எடுத்தவள். இந்த நாட்டிலை ஒரு தமிழ்ப் பெடியனைப் பிடிச்சு மறியலிலை, ஜெயிலிலை போட்டிருக்கினமாம். ரெண்டு வருஷமாம். அடியாம். தண்ணி வென்னி ஒண்டும் குடுக்கினமில்லையாம்."

நேதன் உருகிப்போனான். ஜென்சனுக்கு விளங்கப்படுத்தினான். மூவரும் கம்பளத்தில் முழங்காலில் நின்றார்கள். முகம் தெரியாத அந்தச் சகோதரனுடைய விலங்குகள் அறுபட வேண்டும் என்று நேதன் கண்ணீரோடு ஜெபித்தான். கத்தோலிக்க வேதக்காரியான விமலராணி சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"பாவம், கனடாவிலை இருந்து வந்த பெடியனாம். தாய்க்காரி அங்கை சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடக்கிறாவாம்."

நேதன் எழும்பவில்லை. முழங்காலிலேயே நின்றான்.

"அன்ரி... அது நான்."

தேவமலரின் லைன் அப்போதும் எங்கேஜாகவே இருக்க, விமலராணி உடனே எப்சிபாவுக்கு எடுத்தாள். "அந்தப் பெடியன் மறியலிலை இல்லையடி! என்ர வீட்டிலைதான் இருக்கிறார். நம்பாட்டில் என்ர நம்பரையும் சேர்த்து அனுப்பு. எடுத்துக் கேக்கட்டும்."

எப்சிபா சொன்னபடியே செய்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சங்கிலியில் புதுச் செய்தி ஓடியது: பெடியன் இப்போது வீட்டுக்காவலில். தொலைபேசி இலக்கம் இது.

அதற்குப் பிறகு விமலராணியின் தொலைபேசி ஓயவில்லை. நோர்வே எடுத்தது, சுவிஸ் எடுத்தது, ஹோர்சன்ஸிலிருந்து ஒரு பாஸ்டர் உபவாசம் இருப்பதாகச் சொன்னார். எடுத்தவர்களிடமெல்லாம் நேதன் ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னான்: "வன்னியிலை இருந்த செல்வராஜா எண்டு ஆரையும் கேள்விப்பட்டனீங்களோ?" ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கிலி வழியாகத் தாயிடமிருந்தும் ஒரு செய்தியும் வரவில்லை என்றே எப்சிபா சொன்னாள். ஒவ்வொரு "இல்லை"க்கும் நேதனுடைய முகம் இன்னும் கொஞ்சம் வாடியது. உலகமெல்லாம் தன்னை விசாரிக்கிறது, தான் விசாரிக்கும் மனிதரைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லையே என்று அவனுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை விமலராணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. உதவி செய்யத் துடித்த ஜென்சன், நேதனிடம் இரண்டு தமிழ்ச் சொற்களைப் பழகிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மணி அடிக்க அடிக்க எடுத்து, கனத்த குரலில், "நேதன் சுகம்" என்று சொல்லி வைத்தான். காவல்காரனே பேசுகிறான் என்று பாரிஸில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்ததாகப் பிறகு தகவல் வந்தது.

விமலராணி தொலைபேசியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு மறுபடி அடித்தது. காதில் வைத்திருக்க வலுவில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ... டென்மார்க்கோ?" ஓர் ஆண்குரல். மிக மெதுவாக, விட்டு விட்டுக் கேட்டது.

"ஓம் அண்ணை, ஓம். நேதன் சுகம். மறியலும் இல்லை, வீட்டுக்காவலும் இல்லை. நீங்கள் எந்த நாடு?" என்று விமலராணி கட்டிய குரலிலேயே கேட்டாள்.

"வவுனியா முகாம், தங்கச்சி. இஞ்சை போன் வைச்சிருக்க விடமாட்டினம். ஒருதரிட்டை வாங்கிக் களவாக் கதைக்கிறன். எங்களோடை இருக்கிற பாஸ்டருக்கு ஆரோ சொல்லி, காலமை முகாமிலை எல்லாரும் அந்தப் பெடியனுக்காக ஜெபிச்சனாங்கள்."

நேதனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. எல்லாவற்றையும் இழந்து கூடாரத்தில் கிடக்கும் சனம், தேத்தண்ணி குடிக்காத தனக்காக ஜெபித்திருக்கிறது! விதி, அனுமதி எல்லாம் மறந்துபோய்த் தொலைபேசியை வாங்கினான்.

"ஐயா, அந்தப் பெடியன் நான்தான். எனக்கு ஒண்டுமே நடக்கேல்லை. எனக்காக ஜெபிக்காதேங்கோ, ஐயா. நீங்கள் ஆர் கதைக்கிறது?"

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"அப்பாடா! செல்வராஜா மாமாடா கதைக்கிறன். என்னை விடு, நீ முதல்லை கொம்மாவுக்கு எடுத்து உயிரோடை இருக்கிறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு, அவள் பாவம், எத்தினை நாளைக்கெண்டுதான் தாங்குவாள்!"